மிதித்ததும் பேஸ் காணோம்: கிட்டார் ஃபஸ் பெடலை பேஸில் பயன்படுத்துவோருக்கான பிழை நீக்கும் வழிமுறை

கிட்டாருக்கென்று செய்த ஃபஸ் பெடலை (காலால் மிதித்தால் ஒலியைக் கரகரப்பாக்கும் சிறு பெட்டி) பேஸ் கிட்டாரில் மாட்டிப் பார்க்கிறவர்கள் முதலில் சொல்லும் புகார், "பேஸே போயிடுச்சு" என்பது, அதாவது அடி ஒலி காணாமல் போய்விட்டது. அதற்குக் கிடைக்கும் பதிலும் எப்போதும் ஒன்றுதான்: "பேஸுக்குன்னே இருக்கிற ஃபஸ் வாங்கு." அந்தப் பதிலில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே மாதிரி ஒலிக்கும் இந்தப் புகாருக்குப் பின்னால் நான்கைந்து வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றைக் கெடுக்கும். காரணத்தைப் பிடிக்காமல் புதுப் பெடல் வாங்கினால், அதே கோளாறு அந்தப் பெடலோடும் தொடரும்.

ஃபஸ்ஸும் பேஸும் சேராது என்பதும் சரியில்லை. 1961இல் வெளியான ஒரு கன்ட்ரி பாடலில் க்ரேடி மார்ட்டின் வாசித்த ஆறு தந்தி பேஸ், நாஷ்வில் ஒலிப்பதிவுக்கூடத்தில் பழுதான ஒரு மிக்ஸர் சேனல் வழியே போய் உறுமலாகப் பதிவானது. அந்தப் பழுதை வேண்டும்போது உண்டாக்குவதற்காக ஒலிப்பொறியாளர் க்ளென் ஸ்னாடி இன்னொருவரோடு சேர்ந்து ஒரு சுற்றை அமைத்தார். அதுவே 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் பெடலாக விற்பனைக்கு வந்தது. ஆக, கிட்டாருக்கான ஃபஸ்ஸுக்கு வழிகாட்டியதே ஒரு பேஸ்தான்.

தொடங்கும் முன்

பெடல் போர்டு முழுவதையும் கழற்றி வையுங்கள். பேஸ், ஒரு கேபிள், ஃபஸ், ஒரு கேபிள், ஆம்ப் மட்டும் போதும். அடாப்டர் வேண்டாம், புது 9 வோல்ட் பேட்டரி போடுங்கள். (பேட்டரி போட இடமில்லாத பெடலென்றால் அதற்கு மட்டும் தனியாக ஓர் அடாப்டர்.) ஆம்பில் டோன் நாப்கள் எல்லாம் நடுவில் இருக்கட்டும். பேஸில் வால்யூமும் டோனும் முழுக்கத் திறந்திருக்கட்டும். கோளாறு இப்போதும் இருந்தால் அது பெடலிலோ, பெடலும் பேஸும் சேரும் இடத்திலோ இருக்கிறது. இல்லாமல் போனால், கழற்றி வைத்த ஏதோ ஒன்றுதான் குற்றவாளி. ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினால் எங்கே என்று தெரிந்துவிடும்.

பெடலை மிதித்ததும் அடி ஒலி மெலிந்துவிடுகிறது

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

முதலில், பேஸ் உண்மையிலேயே குறைந்ததா, குறைந்ததுபோலக் கேட்கிறதா என்று பாருங்கள். ஆம்பில் ட்ரெபிளையும் மேல்-மிட்டையும் முழுக்கக் குறைத்துவிட்டு, திறந்த ஈ தந்தியை மீட்டிக்கொண்டே பெடலைப் போட்டு அணையுங்கள். அடிமுழக்கம் இரண்டு நிலையிலும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால், பெடல் பேஸை வெட்டவில்லை. உங்கள் காதுதான் ஏமாறுகிறது.

எப்படி? ஃபஸ் அலையின் தலையை வெட்டி, புதிதாக ஏகப்பட்ட மேல்சுரங்களைக் கிளப்பிவிடுகிறது. மனிதக் காது 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதிக்கு மிகவும் கூர்மையானது. திறந்த ஈ தந்தியின் அடிச்சுரமோ 41 ஹெர்ட்ஸ். அந்த மேல்சுரங்கள் காதில் பளிச்சென்று விழுவதால், "க்ளீன் (ஃபஸ் இல்லாத) ஒலியும் ஃபஸ்ஸும் ஒரே சத்தம்" என்று தோன்றும் இடத்தில் பெடலின் வால்யூமை நிறுத்திவிடுகிறோம். அந்த இடத்தில் அடிச்சுரம் முன்பிருந்ததைவிடக் கீழே போயிருக்கும். இதற்கு வழி எளிது. பெடலின் வால்யூமை நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் கூட்டுங்கள், ஃபஸ் நாப்பைக் கொஞ்சம் குறையுங்கள், பெடலிலோ அதற்குப் பின்னாலோ ட்ரெபிளை இறக்குங்கள். பாதிப் பேருக்கு இதோடு வேலை முடிந்துவிடும் என்பது என் அனுபவம்.

ட்ரெபிளைக் குறைத்த பின்னும் அடிமுழக்கம் குறைகிறது என்றால், சுற்றில் எங்கோ பேஸ் வெட்டுப்படுகிறது. அது பெடலின் நுழைவில் நடக்கலாம், வெளிவாயிலில் நடக்கலாம். இரண்டின் குணமும் வேறு. நுழைவில் வெட்டுப்பட்டால், ஃபஸ்ஸின் கட்டங்கள் சமிக்ஞையை மறுபடி பெரிதாக்கி அழுத்துவதால் இழப்பு ஓரளவு மறைந்துவிடும். ஈ தந்தியில் உறுமல் குறைந்து வறண்ட கரகரப்பு மட்டும் நிற்கும். வெளிவாயிலில் வெட்டுப்பட்டால் மறைக்க எதுவும் கிடையாது. போனது போனதுதான்.

வெளிவாயில் கோளாறை முதலில் பாருங்கள். பெடலைத் திறக்காமலே தீர்க்கக்கூடியது அது. உதாரணத்துக்கு ஃபஸ் ஃபேஸ் என்ற பழைய பெடல். அதன் வழக்கமான சுற்றில் கடைசியில் 10 நானோஃபாரட் கெப்பாசிட்டர், அதன் பின் 500 கிலோஓம் வால்யூம் பாட் (நாப்புக்குக் கீழே இருக்கும் மாறும் மின்தடை). தனியாக நின்றால் இந்த ஜோடி சுமார் 32 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் வெட்டும். பேஸுக்குத் தாராளம். ஆனால் அடுத்து வரும் கருவியின் உள்ளீட்டு மின்மறுப்பு (உள்ளே வரும் சமிக்ஞைக்கு அது காட்டும் எதிர்ப்பு) 100 கிலோஓம் என்றால், வால்யூமை முழுக்கத் திறந்த நிலையில் வெட்டும் இடம் 190 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். 10 கிலோஓம் லைன் உள்ளீட்டில் நேராகச் செருகினால் 1600 ஹெர்ட்ஸ்! ஆடியோ இன்டர்ஃபேஸில் பதிவு செய்யும்போது மட்டும் ஃபஸ் ஒலி சல்லடையாகக் கேட்கிறது என்பவர்கள் இங்கே பாருங்கள். லைன் உள்ளீட்டை விட்டு, கிட்டாருக்கான உயர் மின்மறுப்பு உள்ளீட்டில் செருகுங்கள். அல்லது ஃபஸ்ஸுக்குப் பின்னால் ஒரு பஃபர் பெடல் (அடுத்த கருவியின் சுமை முன்னால் இருப்பதைத் தொடாமல் தடுப்பது) வையுங்கள். ஃபஸ்ஸின் வால்யூமை உச்சியிலிருந்து கொஞ்சம் இறக்கினாலும் பேஸ் திரும்ப வரும், ஏனென்றால் பாட்டின் மேல்பாதி அப்போது தொடராக நின்று அந்தச் சுமையிலிருந்து கெப்பாசிட்டரைக் காப்பாற்றுகிறது.

நுழைவுக் கோளாறுக்கு சால்டரிங் தெரிந்திருக்க வேண்டும். வெட்டும் அதிர்வெண்ணின் கணக்கு: 1 வகுத்தல் (2 × π × மின்தடை × கெப்பாசிட்டர்). 100 கிலோஓம் உள்ளீட்டில் 10 நானோஃபாரட் இருந்தால் 159 ஹெர்ட்ஸ். அதையே 100 நானோஃபாரட் ஆக்கினால் 16 ஹெர்ட்ஸ். உள்ளீட்டுக் கெப்பாசிட்டர் ஒன்றை மாற்றினாலே ஒலி நன்றாகத் தடிக்கும். அதற்காக எல்லாக் கெப்பாசிட்டர்களையும் பெருக்கிவிடாதீர்கள். கட்டத்துக்குக் கட்டம் பேஸ் அதிகமாகப் போனால் டிரான்சிஸ்டர்கள் அடிச்சுரத்தையே மென்று துப்பும். ஒலி கொழகொழவென்று ஆகிவிடும். ஒன்றை மாற்று, வாசித்துப் பார், அப்புறம் அடுத்தது.

இன்னொன்று: நுழைவில் பேஸ் கொஞ்சம் வெட்டுப்பட்டாலே எனக்குப் பிடிக்கும். ஃபஸ் தெளிவாகக் கேட்கும். இழந்த அடியைத் தனி வழியில் க்ளீனாகக் கொண்டுவந்து சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே வேறொரு கோளாறு காத்திருக்கிறது.

க்ளீன் ஒலியைக் கலந்ததும் முன்பைவிட மெலிந்துவிட்டது

இரண்டு ஒலிகளைக் கலக்கும் பிளெண்ட் பெடல் வாங்கி, சமிக்ஞையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் ஃபஸ்ஸும் மறுபக்கம் க்ளீனுமாக அனுப்பிச் சேர்த்தவுடன் அடி ஒலி வற்றிப்போகிறது. நாப்பை ஏதோ ஒரு கோடிக்குத் திருப்பினால் சரியாகிறது. நடுவில் வந்தால் மோசம். இது போலாரிட்டி கோளாறு. ஃபஸ் அலையைத் தலைகீழாகத் திருப்பியிருக்கிறது. ஒரு பக்கம் ஸ்பீக்கரைத் தள்ளச் சொல்கிறது, மறுபக்கம் இழுக்கச் சொல்கிறது. இரண்டிலும் பொதுவாக இருப்பது அடிச்சுரம் என்பதால் முதலில் சாவது அதுதான்.

பழைய சுற்றுகளில் இதை ஓரளவு எண்ணிக் கண்டுபிடிக்கலாம். கலெக்டரிலிருந்து வெளியே எடுக்கும் ஒவ்வொரு டிரான்சிஸ்டர் கட்டமும் அலையை ஒருமுறை திருப்பும். ஃபஸ் ஃபேஸில் இரண்டு கட்டம், பிக் மஃப் என்ற இன்னொரு பழைய ஃபஸ்ஸில் நான்கு. இரண்டிலும் அலை நேராகவே வெளிவரும். மூன்று கட்டம் கொண்ட டோன் பெண்டர் மார்க் II பெடல் திருப்பிவிடும். ஆனால் நகல் பெடல்களிலும், முன்னாலோ பின்னாலோ கூடுதல் கட்டம் சேர்த்த பெடல்களிலும் இந்தக் கணக்கை நம்ப முடியாது. சோதித்துப் பார்ப்பதே மேல். பிளெண்டை நடுவில் வைத்து, ஈ தந்தியை மீட்டி, போலாரிட்டி சுவிட்சை இரண்டு பக்கமும் தட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் தடித்துக் கேட்கிறதோ அதுவே சரியான பக்கம். சுவிட்ச் இல்லாத பிளெண்ட் பெடல் என்றால், அலையைத் திருப்பும் வேறொரு பெடலை ஏதாவது ஒரு வழியில் மட்டும் சேர்த்தாலும் தீரும்.

சுவிட்சை எந்தப் பக்கம் தட்டினாலும் நன்றாக இல்லையா? அப்படியானால் இரண்டு வழிகளுக்கும் இடையே நேரம் விலகியிருக்கிறது. ஒரு வழியில் டிஜிட்டல் பெடல் இருந்தால் அது ஓரிரு மில்லிசெகண்ட் தாமதிக்கும். 2 மில்லிசெகண்ட் தாமதம் போதும், 250 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் விழ. டிஜிட்டல் கருவியைப் பிரிவுக்கு முன்னாலோ, கலந்த பின்னாலோ மாற்றுங்கள். ஸ்டூடியோவில் நேரடி சமிக்ஞையையும் ஸ்பீக்கர் முன் வைத்த மைக்கையும் சேர்க்கும்போதும் இதே கதை. மைக் 1 மீட்டர் தள்ளியிருந்தால் ஒலி வந்துசேர ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகும். பதிவில் அந்த அளவு நகர்த்தி ஒட்டவைக்க வேண்டும்.

கலப்பு சரியாக அமைந்த பின் வேலைகளைப் பிரித்துக் கொடுங்கள். க்ளீன் வழியில் சுமார் 250 ஹெர்ட்ஸுக்கு மேலே மெதுவாக இறக்கிவிட்டு ஒரு கம்ப்ரெஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கருவி) போடுங்கள். ஃபஸ் எப்படியும் ஒரே மட்டத்தில் அழுத்தமாக நிற்கும். க்ளீன் மட்டும் ஏறி இறங்கினால் ஒவ்வொரு சுரத்துக்கும் கலவை மாறிக்கொண்டே இருக்கும்.

தனியாக வாசித்தால் பிரம்மாண்டம், டிரம்ஸும் கிட்டாரும் சேர்ந்தால் ஆளே இல்லை

பிக் மஃப் வைத்திருப்பவர்களின் நிரந்தரப் புகார். அந்தப் பெடலின் டோன் சுற்று, நாப் நடுவில் இருக்கும்போது, பல பதிப்புகளில் 1000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பள்ளம் விடும். வீட்டில் தனியாகக் கேட்கும்போது அதுவே ஆழமும் அகலமுமாகத் தெரியும். குழுவில் அடிப்பகுதியைக் கிக் டிரம்மும் மேல்பகுதியைச் சிம்பலும் கிட்டாரும் பிடித்துக்கொள்ள, பேஸை அடையாளம் காட்டக்கூடிய நடுப்பகுதியில் நீங்கள் இல்லை.

வால்யூமைக் கூட்டுவது தீர்வல்ல. கூட்டினால் கிட்டாரிஸ்ட்டும் கூட்டுவார். ஃபஸ்ஸுக்குப் பின்னால் ஓர் ஈக்யூ (அதிர்வெண்களைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கருவி) வைத்து 500 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை தூக்குங்கள். தனியாகக் கேட்டால் மூக்கடைத்த குரல் மாதிரி அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும். டோன் நாப்பை பேஸ் பக்கம் திருப்புவதும் பள்ளத்தைக் குறைக்கும். குழு வாசிக்கும்போது மட்டுமே இந்த நாப்களைத் தொடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். படுக்கையறையில் அமைத்த ஃபஸ் மேடையில் எடுபடாது.

காதைக் கிழிக்கிறது, பேஸின் வால்யூமைக் குறைத்தாலும் ஃபஸ் அடங்க மறுக்கிறது

உங்கள் பேஸில் பேட்டரி இருக்கிறதா, அதாவது அது ஆக்டிவ் பேஸா? இல்லையென்றால், ஃபஸ்ஸுக்கு முன்னால் பஃபர் உள்ள ட்யூனரோ, வயர்லெஸ் ரிசீவரோ இருக்கிறதா? இரண்டில் ஒன்று நிச்சயம்.

ஃபஸ் ஃபேஸ் போன்ற பழைய சுற்றுகளின் உள்ளீட்டு மின்மறுப்பு மிகக் குறைவு, சில கிலோஓம் அளவுதான். பாசிவ் பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும், பேட்டரி இல்லாத பாகம்) நேராக மாட்டினால் அது பிக்கப்பை இழுத்துப் பிடித்து மேல் அதிர்வெண்களை மழுக்குகிறது. பேஸின் வால்யூமைச் சற்றுக் குறைத்தால் ஃபஸ் மெல்ல அடங்குகிறது. பிக்கப்பும் பெடலும் சேர்ந்து ஒரே சுற்றாக வேலை செய்வதாகச் சொன்னாலும் தப்பில்லை. நடுவில் பஃபரோ, ஆக்டிவ் பேஸின் ப்ரீஆம்ப்போ புகுந்தால் அந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது. மழுங்காத, வலுவான சமிக்ஞை நேரே போய் மோதுகிறது.

பாசிவ் சுவிட்ச் இருந்தால் அதைத் தட்டுங்கள். பஃபர் உள்ள பெடல்களை ஃபஸ்ஸுக்குப் பின்னால் தள்ளுங்கள். இரண்டும் முடியாதென்றால், பேஸின் ட்ரெபிளை முழுக்க இறக்கி, வால்யூமைப் பாதிக்குக் கொண்டுவந்து பாருங்கள். அதுவும் போதாவிட்டால் பெடலின் உள்ளீட்டில் 10 முதல் 47 கிலோஓம் வரை ஒரு மின்தடையைத் தொடராகப் போடலாம். ஃபஸ் அடங்கும், ஆனால் பிக்கப்பின் காயில் (கம்பிச்சுருள்) செய்யும் மழுப்பலை மின்தடை அப்படியே செய்யாது. ட்ரெபிளை இறக்குவது அப்போதும் தேவைப்படும். பிக் மஃப் வகைக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆக்டிவ் பேஸ் வைத்திருப்பவர் கிட்டார் ஃபஸ் ஒன்று வாங்கப் போகிறார் என்றால் அதைத்தான் முதலில் முயலச் சொல்வேன்.

சுரம் திக்கித் திணறி, பொரிந்து, திடீரென்று அறுந்துபோகிறது

பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கலாம். புதிதைப் போட்டும் அப்படியே என்றால் டிரான்சிஸ்டரின் பயஸ் (அது நிற்க வேண்டிய மின்னழுத்த நிலை) நகர்ந்திருக்கிறது. ஃபஸ் ஃபேஸ் வகையில் மல்டிமீட்டரை எடுத்து இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் பாருங்கள்: 9 வோல்ட் மின்சாரத்துக்கு அங்கே 4.5 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். வெகுவாக விலகியிருந்தால் உள்ளே இருக்கும் ட்ரிம்மரைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் என்றால் சூடு ஏற ஏற உள்ளே கசிவு கூடும். மேடை விளக்குக்கு அடியில் அரை மணி நேரம் கிடந்த பெடல் மாலையில் சரிபார்த்த பெடல் மாதிரி ஒலிக்காது. பெடலைக் குளிர்ந்த இடத்துக்கு நகர்த்துவதைத் தவிர அப்போதைக்கு வேறு வழியில்லை.

அடாப்டரில் ஓர் எச்சரிக்கை. பழைய வகை ஜெர்மானியம் ஃபஸ்கள் பலவற்றில் பிஎன்பி டிரான்சிஸ்டர் இருக்கும், நேர்முனைதான் தரை. மற்ற பெடல்களோடு ஒரே கம்பியில் கோத்து மின்சாரம் கொடுத்தால் சப்ளை ஷார்ட் ஆகும். தனி பேட்டரியோ, தனித்துப் பிரித்த அவுட்புட்டோ கொடுங்கள்.

சில பெடல்களில் இந்தத் திக்கல் வேண்டுமென்றே வைத்தது. ஃபஸ் ஃபாக்டரி என்ற பெடலில் அதற்கென்றே கேட் என்ற நாப் உண்டு. பழுது என்று முடிவுகட்டும் முன் அதைத் திருப்பிப் பாருங்கள்.

தேனீக் கூட்டம் போல ரீங்காரம், உறுமல் இல்லை

பேஸ் கேபினெட்டில் ட்வீட்டர் இருந்தால் அணையுங்கள். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் தானாகவே இறங்கிவிடும். ஃபஸ் வடிவமைத்தவர்கள் அதை நம்பித்தான் வடிவமைத்தார்கள். ட்வீட்டரோ, பேஸை நேரடியாக மிக்ஸரோடு இணைக்கும் டிஐ பெட்டியோ அந்த இறக்கத்தைத் தராது. டிஐயில் போக வேண்டுமென்றால் ஃபஸ்ஸுக்குப் பின்னால் கேபினெட் சிமுலேட்டரோ, 4000 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு லோ-பாஸ் ஃபில்டரோ வையுங்கள். ஒலிப்பொறியாளர் ஃபஸ்ஸுக்கு முன்னாலேயே டிஐ எடுக்கிறாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படி எடுத்தால் மேடையில் உங்களுக்கு ஃபஸ் கேட்கும், எதிரே இருப்பவர்களுக்கு வெறும் க்ளீன்தான் போகும்.

ஹம், கீச்சொலி, வானொலி

கீச்சென்ற உயர்ஒலி என்றால் டிஜிட்டல் பெடல்களோடு பகிரும் சப்ளை. ஃபஸ்ஸைப் பேட்டரிக்கு மாற்றினால் உடனே தெரியும். ஹம் என்றால், நின்ற இடத்தில் உடலைத் திருப்பிப் பாருங்கள்; கூடிக் குறைந்தால் சிங்கிள் காயில் பிக்கப்தான் காரணம். ஜாஸ் பேஸ் மாதிரி இரண்டு சிங்கிள் காயில் உள்ளதில் இரண்டையும் சமமாகத் திறந்து வைத்தால் பெரும்பாலும் அடங்கும். வானொலி கேட்டால் முதல் கேபிளை மாற்றுங்கள். நாய்ஸ் கேட் (வாசிக்காதபோது இரைச்சலை மூடும் கருவி) போடுவதென்றால், ஃபஸ்ஸுக்கு முன்னால் இருக்கும் சமிக்ஞையைப் பார்த்து, ஃபஸ்ஸுக்குப் பின்னால் மூடும் வகையைத் தேடுங்கள். ஃபஸ் அழுத்திய பிறகு இரைச்சலும் சுரமும் ஒரே உயரத்தில் நிற்பதால் மற்ற கேட்டுகள் தடுமாறும்.

இரண்டு தந்தி சேர்ந்தால் ஒரே சேறு

ஃபஸ்ஸுக்குள் இரண்டு சுரம் நுழைந்தால், அவற்றின் கூட்டலும் கழித்தலுமாகப் புதுச் சுரங்கள் பிறக்கும். திறந்த ஈ 41 ஹெர்ட்ஸ், அதன் ஐந்தாம் சுரமான பி 62 ஹெர்ட்ஸ்; வித்தியாசம் 21. காதுக்கு எட்டும் எல்லையை ஒட்டிய அந்த அதிர்வை ஸ்பீக்கர் வெறுமனே படபடக்க மட்டுமே செய்யும். மூன்றாம் சுரம் சேர்ந்தால் இன்னும் மோசம். அங்கே பெடலைக் குறை சொல்லிப் பயனில்லை, கையை மேலே நகர்த்துங்கள். ஏ தந்தியின் ஏழாம் ஃப்ரெட்டிலும் டி தந்தியின் ஒன்பதாம் ஃப்ரெட்டிலும் அதே ஜோடியைப் பிடித்தால் 82, 123 ஹெர்ட்ஸ். வித்தியாசம் 41: நீங்கள் மீட்டாத அந்தத் திறந்த ஈயை ஃபஸ்ஸே அடியில் போட்டுக் கொடுக்கும்.